படியில் உட்கார்ந்த பீரோ

ஐயம்பெருமாள் எனக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். இடது முழங்காலில் அறுந்துபோன ஜவ்வை ஆபரேஷன் செய்து சரியாக்கிக்கொள்ள நான் கொடுத்த பணம் அது. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. பேட்டையில் எத்தனையோ பட்டறை இருக்கிறது. தன்னிடம் வேலை பார்க்கிறவனுக்கு இப்படிக் கட்டுக் கட்டாக எடுத்து நீட்டின முதலாளி வேறு யாராவது இருந்தால் காட்டட்டும், என் பட்டறையையே எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுசாக இல்லை. எங்கள் தாத்தா காலத்தில் ஆற்றங்கரையில் வயல் இருந்தது என்பார்கள். என் காலத்தில் அந்தப் பேச்சு மட்டும்தான் இருந்தது. தகரத்தில் துரு தேய்க்கப் போனேன். தேய்த்துத் தேய்த்து இன்றைக்குத் திசையன்விளை வரைக்கும் என் பீரோ போகிறது. கல்யாணச் சீருக்கு பீரோ என்றால் நாலு பேர் என் பட்டறையைத்தான் கை காட்டுவார்கள். ஆனால் இது என் கதை இல்லை. என் கதையை எழுத ஒரு புத்தகம் பத்தாது. இது ஐயம்பெருமாளின் கதை. சொல்லப்போனால் அவன் முழங்காலின் கதை.

பீரோ செய்வது ஒரு வேலை, அதை மாடிக்கு ஏற்றுவது வேறு வேலை. டவுணில் பழைய வீடுகளின் மாடிப்படி ஒரு ஆள் அகலம்தான் இருக்கும். பாதியில் ஒரு வளைவு வரும். நாலு பேர் பிடிக்க இடமில்லை. மேலே ஒருவன், கீழே ஒருவன். மேலே பிடிப்பவன் பின்னோக்கி ஏறுவான். கீழே பிடிப்பவன் மேல்தான் முழுப் பாரமும். என்னிடம் மேல்பிடி ஆமிர், கீழ்ப்பிடி ஐயம்பெருமாள். இருபது வயதில் வந்தவன், நாற்பதை எட்டும்வரை அந்தக் கீழ்ப்பிடியை யாருக்கும் விட்டுக் கொடுத்ததில்லை. அவனுக்கு முன்னால் அதைப் பிடித்தவன் நான். மூன்றாம் மாடிக்கு மூச்சு வாங்காமல் ஏற்றியிருக்கிறேன், கேட்டுப் பாருங்கள்.

எங்கள் பில்லிலேயே அச்சடித்திருக்கும்: 'படியில் இறக்காமல் வீட்டுக்குள் சேர்ப்போம்.' தரையிலிருந்து தூக்கின சீர் பீரோ, வைக்கிற அறையில்தான் உட்கார வேண்டும். நடுப்படியில் இறக்கினால் பெண் வீட்டார் முகம் சுருங்கிவிடும், சீர் பாதி வழியில் நின்றுவிட்டதே என்று. மற்ற பட்டறைக்காரர்கள் ரெண்டு இடத்தில் இறக்கி வைத்துப் பீடி பிடிப்பார்கள். என் பீரோ உட்காராது. என் பேர் வளர்ந்ததே அதில்தான்.

பீரோவின் கதவில் ஆளுயரக் கண்ணாடி உண்டு. மினி லாரியில் நிமிர்த்திக் கட்டி டவுணுக்குள் போகும்போது தெரு முழுக்க அந்தக் கண்ணாடிக்குள் பின்னோக்கி ஓடும். ரத வீதி திருப்பத்தில் கோபுரம் உள்ளே வரும். பைய நகர்ந்து, ஜவுளிக்கடைச் சேலைகளுக்குள் போய் மறையும். புறாக்கள் ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் காணாமல் போகும். ஐயம்பெருமாள் லாரியின் பின்னால் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டு வருவான். என்னலே அதில் இருக்கிறது என்று ஒரு தரம் கேட்டேன்.

"இதுக்குள்ள ஊரு ரொம்ப அமைதியா இருக்கு அண்ணாச்சி" என்றான்.

அப்படிப்பட்ட ஆள். பாரம் தூக்குகிறவனுக்கு இந்த மாதிரிக் கண் எதற்கு என்று நினைத்திருக்கிறேன்.

அடிபட்டதும் சீர் பீரோவால்தான். எங்கள் பக்கத்தில் சீர் பீரோ வெறுமனே வீட்டுக்குள் நுழையக் கூடாது. உள்ளே கல் உப்பு, மஞ்சள், ஒரு படி அரிசி ஏதாவது வைத்துப் பூட்டி, சாவியைப் பெண்ணின் இடுப்பில் செருகிவிடுவார்கள். அது எங்களுக்குத் தெரிந்ததுதான், அந்த எடை எங்கள் கணக்கிலேயே இருக்கும். அன்றைக்கு அந்தப் பெண்ணின் அம்மா ஆசையில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கையும் உள்ளே நிறுத்திவிட்டாள். எங்களிடம் சொல்லவில்லை. ராகுகாலம் நெருங்குகிறது, ஏற்றுங்கள் ஏற்றுங்கள் என்று ஆளாளுக்கு விரட்டினார்கள்.

வளைவில் பீரோ சாய்ந்தபோது உள்ளே விளக்கு உருண்டது. பாரம் ஒரே பக்கமாக வந்து இறங்கியது. ஐயம்பெருமாளின் இடது பாதம் படியில் ஊன்றியிருக்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. ஈரத் துணியை உதறினால் வருமே, அப்படி ஒரு சத்தம். அவன் முதுகைச் சுவரில் கொடுத்து, பீரோவை நெஞ்சில் தாங்கிக்கொண்டு அப்படியே நின்றான். கீழிருந்து ஆள் ஏறிப் போய் வாங்கும்வரை நின்றான். பீரோ படியில் உட்காரவில்லை. அதை நான் ரொம்ப நாள் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலத்துக்குள் முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. பாளையங்கோட்டையில் ஸ்கேன் எடுத்தோம். டாக்டர் படத்தை விளக்கில் பிடித்துக் காட்டினார். முழங்காலுக்குள் குறுக்கே ஓடுகிற ஜவ்வு முழுசாக அறுந்துவிட்டது. நல்ல வேளையாக மற்றதெல்லாம் சேதமில்லை. ரெண்டு வழி இருக்கிறது என்றார். சின்னத் துளை போட்டு, தொடையின் பின்பக்கமிருந்து நார் எடுத்து, புது ஜவ்வாகக் கட்டிவிடலாம். இல்லாவிட்டால் முதலில் சில மாதம் பயிற்சி செய்து பார்க்கலாம். கால் நிலைத்துவிட்டால் சரி, வழுக்கிக்கொண்டே இருந்தால் அப்போது ஆபரேஷன். அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார்.

எனக்கு யோசிக்க என்ன இருக்கிறது. நான் கீல் வைத்துப் பிழைத்தவன். கீல் உடைந்தால் கீலை மாற்ற வேண்டும். என் தங்கை மகன் கணேஷ்ராம் காலேஜில் பந்து விளையாடி இதே ஜவ்வை அறுத்துக்கொண்டான், ஆபரேஷன் செய்தான், இன்றைக்குப் பந்துக்குப் பின்னால் ஓடுகிறான். மறுநாளே பாங்கில் பணம் எடுத்து, ஐந்நூறு ரூபாய்க் கட்டுகளாக ஐயம்பெருமாளின் வீட்டுக்குக் கொண்டுபோய், அவன் மனைவி கோமுவின் முன்னாலேயே எண்ணிக் கொடுத்தேன். கோமு ரத வீதியில் ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிறவள். அவ்வளவு பணத்தை அந்த வீட்டில் அவள் பார்த்ததில்லை. சேலை மடிப்பது போலவே ஒரு துணியில் மடித்து, அவர்கள் வீட்டு பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். அதுவும் என் பட்டறை பீரோதான்.

ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டவன் ஆபரேஷனுக்குப் போகவில்லை. பிசியோதெரபிக்குப் போனான்.

எனக்கு வந்த கோபத்துக்கு நேரே அந்த இடத்துக்கே போய்விட்டேன். அங்கே பயிற்சி கொடுப்பவள் ஸ்ரீலக்ஷ்மி என்று சின்ன வயசுப் பெண். குறுக்குத்துறைப் பக்கத்துப் படித்த குடும்பம். ஐயம்பெருமாள் ஒரு பெஞ்சில் காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டின துண்டை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தான். இதற்கா காசு என்று கேட்டேன். கதவைத் தினமும் திறந்து மூடிப் பழக்கினால் ஒடிந்த கீல் முளைத்துவிடுமா என்றும் கேட்டேன்.

"முளைக்காதுங்கய்யா" என்றாள் அவள், கோபப்படாமல். "ஆனா கதவுக்குச் சதை கிடையாது. இவருக்கு இருக்கு. அந்தச் சதை ஜவ்வோட வேலையில பாதிய வாங்கிக்கிடும். சில பேருக்கு அது போதும். சில பேருக்குப் போதாது. இவரு எந்தப் பக்கம்னு செய்து பாத்தாத்தான் தெரியும்."

கணேஷ்ராம் கதையைச் சொன்னேன். அவனும் இங்கேதான் வந்தான் என்றாள். அவனுக்கு ஜவ்வோடு உள்ளே எலும்புகளுக்கு நடுவே இருக்கும் மெத்தையும் கிழிந்து மூட்டு பூட்டிக்கொண்டதாம். அவன் ஆபரேஷன் செய்தது சரிதானாம். செய்த பிறகும் முக்கால் வருஷம் இதே பெஞ்சில் இதே துண்டை அமுக்கினானாம். எதைச் செய்தாலும் இந்தத் துண்டிலிருந்து தப்ப முடியாது என்று சிரித்தாள்.

திரும்பி வரும் வழியில் ஐயம்பெருமாளிடம் கேட்டேன், உனக்கு வெட்டுக்குப் பயமா என்று.

"பயம் இல்லாமலா. ஆனா அதுக்காவ இல்ல அண்ணாச்சி. வெட்டிட்டா வெட்டாம இருக்க முடியாது. வெட்டாம இருந்தா எப்ப வேணாலும் வெட்டிக்கிடலாம்லா."

"அப்போ ரூவாயத் திருப்பித் தாலே."

"முடிவு தெரியட்டும். அதுவரைக்கும் அங்கனயே இருக்கட்டும்."

கடன் கொடுத்தவனிடமே இப்படிப் பேசினான். நானும் இருக்கட்டும் என்றுவிட்டேன். என் மனசு அப்படி. அதற்குப் பிறகு அந்தக் கட்டு பீரோவுக்குள் இருக்கிறதென்றால் அவன் முழங்கால் இன்னும் தீர்மானமாகவில்லை என்று அர்த்தமாகிவிட்டது. பட்டறையில் அவனை உட்கார்ந்து பூட்டு மாட்டுகிற வேலையில் போட்டேன். கூலி குறைவு. அதையும் செய்தான். ஆமிர் வேறொரு ஆளோடு பீரோ ஏற்றினான். வந்த ஆள் ரெண்டு வாசற்படியில் பீரோவை இடித்துச் சாயம் பெயர்த்தான்.

வீக்கம் வடிந்த பிறகு ஆற்றில் நடக்கலாம் என்று ஸ்ரீலக்ஷ்மி சொல்லியிருக்கிறாள். பாறைப் பக்கம் போகாமல், மணல் தரையாகப் பார்த்து. குறுக்குத்துறையில் விடியற்காலையில் அவன் நடப்பான். முதலில் அவன் ஒழுங்காகச் செய்கிறானா என்று பார்க்கத்தான் போனேன். பிறகு எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை.

படித்துறையில் உட்கார்ந்திருப்பேன். ஆற்றின் மேல் மூட்டம் கிடக்கும். கோவில் மண்டபம் தண்ணீருக்குள்ளிருந்து அப்போதுதான் முளைத்து வருவதுபோல இருக்கும். இடுப்பளவு தண்ணீரில் ஐயம்பெருமாள் மேற்கே பார்த்து, ஓட்டத்துக்கு எதிராக நடப்பான். ஒவ்வொரு அடிக்கும் தண்ணீர் அவனைத் தள்ளிப் பார்க்கும். அவன் நிற்பான், ஊன்றுவான், அடுத்த அடி வைப்பான். பார்த்துக்கொண்டே இருந்தால் அவன் நடக்கிறானா, ஆறு அவனைத் தாண்டிப் போகிறதா என்று கண்ணுக்குப் பிரியாது. பீரோவை ஏற்றும்போதும் இப்படித்தான் முகத்தை வைத்துக்கொள்வான், தூரத்தில் எதையோ கேட்பவன் மாதிரி.

அந்தக் குளிர்ந்த காற்றில் எனக்குக் கண் சொருகும். ஒரு நாள் ஒரு பீரோ ஆற்றில் மிதந்து வந்தது. என் பீரோ, பச்சை நிறம், கண்ணாடி மேலே பார்க்க மல்லாந்து வந்தது. கண்ணாடிக்குள் மேகம் போய்க்கொண்டிருந்தது. ஐயம்பெருமாள் கையை நீட்டினான். அது அவன் கைக்கு எடையே இல்லாமல் வந்து நின்றது. எங்கே ஏற்றணும் அண்ணாச்சி என்று கேட்டான். விழித்தபோது வெயில் வந்திருந்தது. அவன் கரையில் நின்று வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தான்.

கால் தேறிக்கொண்டு வந்தது. வீட்டில் அவர்கள் கல்யாண மணை ஒன்று உண்டு. அதைத் தரையில் போட்டு, இடது காலால் ஏறி இறங்கி ஏறி இறங்கிப் பயிற்சி செய்வான். மணையின் மேலிருந்த மாக்கோலம் அவன் பாதம் படும் இடத்தில் மட்டும் அழிந்து வெறும் மரம் தெரிந்தது. கோமு ஒரு வெள்ளிக்கிழமை திரும்பவும் கோலம் போட்டாள். அதுவும் அழிந்தது. தொடைச் சதை திரும்ப வந்து, ரெண்டு காலும் ஒரே மாதிரி ஆகிவிட்டது என்று நாங்கள் நினைத்த சமயத்தில், டவுண் பஸ்ஸிலிருந்து பக்கவாட்டில் இறங்கும்போது முழங்கால் ஒரு தரம் உள்ளுக்குள் வழுக்கிவிட்டது.

அன்றைக்குக் கோமு பீரோவைத் திறந்து, பணத்தை எடுத்து அவன் முன்னால் வைத்துவிட்டாளாம். இதை அவளே பட்டறைக்கு வந்து என்னிடம் சொன்னாள். "இவுக பிடிவாதத்துக்கு நானும் ஒத்து ஊதிட்டேனோ என்னமோ அண்ணாச்சி" என்றாள். நான் அப்போதே சொன்னேனே என்று சொல்ல வாய் வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். பெரிய மனுஷன் எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஸ்ரீலக்ஷ்மி காலைப் பிடித்துப் பார்த்தாள். வீக்கம் இல்லை. ஒரு தரம் வழுக்கியதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்; பக்கவாட்டில் ஊன்றப் பழக்கவில்லை, பழக்குவோம்; இன்னொரு தரம் இப்படிப் போனால் ஆபரேஷனுக்குப் போய்விடுங்கள், அதில் தோல்வி ஒன்றும் கிடையாது என்றாளாம். பணம் திரும்ப பீரோவுக்குள் போனது.

முழங்கால் இன்னொரு தரம் அப்படிப் போகவில்லை. ஆற்றில் தண்ணீர் குறைந்து மணல் தெரிய ஆரம்பித்தபோது, ஸ்ரீலக்ஷ்மி அவனை ஒற்றைக் காலில் தாவிக் காட்டச் சொல்லி, இடதும் வலதும் எவ்வளவு தூரம் என்று அளந்து பார்த்தாள். பெரிய வித்தியாசமில்லை. பாரம் தூக்கலாம் என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை ஐயம்பெருமாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். கீழ்ப்பிடிக்கு வாறேன் என்றான். நான் எழுந்தேவிட்டேன். ஆமிருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

"ஆனா ஒண்ணு அண்ணாச்சி. வளைவுல நான் முறுக்க மாட்டேன். அங்கன பீரோவ இறக்கி வச்சிட்டு, காலை எடுத்து மாத்தி வச்சி, பெறகுதான் தூக்குவேன்."

பட்டறையில் வெல்டிங் சத்தம் நின்றுவிட்டது. எல்லோருக்கும் பில்லில் என்ன அச்சடித்திருக்கிறது என்று தெரியும்.

"நம்ம பீரோ படியில உக்காராதுலே" என்றேன்.

"தெரியும். உக்காரக் கூடாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அந்த ரூவாய எடுத்துக்கிட்டு நாளைக்கே ஆஸ்பத்திரில போய்ப் படுக்கேன். ஆனா வெட்டி வேற ஜவ்வு வச்சாலும், ஊன்றின கால்ல பாரத்தோட திரும்பினா அதுவும் ஒரு நாள் போவும். வளைவு அங்கனயேதான இருக்கும்."

அவன் குரலில் கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. நான் வெளியே வந்துவிட்டேன். நாற்பது வருஷம் கட்டின பேர். வண்டியை எடுத்துக்கொண்டு எங்கெங்கோ சுற்றி, கடைசியில் அவன் வீட்டு வாசலில்தான் போய் நின்றேன். கோமு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். உள்ளே தரையில் அந்த மணை கிடந்தது, அழிந்த கோலத்தோடு. நடுவில் வெறும் மரம், ஒரு பாதம் அகலத்துக்கு.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் எனக்கு உதித்தது. இந்த மூளை பள்ளிக்கூடத்தில் வந்ததில்லை. கோமு, இந்த மணையை எனக்குத் தா என்றேன். எதற்கு என்று கேட்காமல் துடைத்துக் கொடுத்தாள்.

அடுத்த முகூர்த்தத்துக்கு டவுணில் ஒரு வீடு. அதே மாதிரி ஒரு ஆள் படி, அதே மாதிரி வளைவு. நானே முன்னால் ஏறிப்போய் வளைவில் மணையைப் போட்டேன். அதன்மேல் புதுக் கோலம், ஓரத்தில் மஞ்சள் குங்குமம். கீழே ஆமிரும் ஐயம்பெருமாளும் பீரோவைத் தூக்கினார்கள். கண்ணாடிக்குள் வாசல் தோரணம் ஆடிக்கொண்டு மேலே வந்தது. பிறகு சுவர், பிறகு இருட்டு, பிறகு சாளரத்து வெளிச்சம். வளைவு வந்தது. "பைய" என்றான் ஐயம்பெருமாள். பீரோ மணையில் உட்கார்ந்தது.

கீழேயிருந்து மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருத்தி, என்ன, சீரை நடுப்படியில் இறக்கிவிட்டீர்களே என்றாள். இதற்காகத்தான் நான் காத்திருந்தேன்.

"ஆத்தா, கல்யாணப் பொண்ணே மணையில உக்காந்து எந்திரிச்சித்தான வீட்டுக்குள்ள வாறா. அவ சீரு உக்காந்தா ஆவாதோ?"

கூட்டம் சிரித்தது. அந்த அம்மாளும் வெற்றிலைப் பல்லைக் காட்டிவிட்டாள். அதற்குள் ஐயம்பெருமாள் வலது காலை எடுத்து வைத்தான். இடது காலை எடுத்து வைத்தான். முறுக்கவில்லை, முழு உடம்பையும் நாற்காலியைத் திருப்புவது போலத் திருப்பிக்கொண்டான். ஆமிரைப் பார்த்துத் தலையசைத்தான். பீரோ எழுந்து, சாளர வெளிச்சத்துக்குள் நுழைந்து, மேலே போய்விட்டது. நான் அவன் முழங்காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றில் ஊன்றுவது மாதிரியே ஊன்றியது.

இப்போது பேட்டையில் மற்ற பட்டறைக்காரர்களும் வளைவில் மணை போடுகிறார்கள். பெண் வீட்டாரே கேட்டு வாங்குகிறார்கள். யார் ஆரம்பித்தது என்று கேட்டால் தெரியாத மாதிரி இருப்பார்கள். போகட்டும். என் பில்லில் அந்த வரியை எடுத்துவிட்டு, 'மணையில் அமர்த்தி ஏற்றித் தருவோம்' என்று அச்சடித்தாயிற்று.

முதல் மணை போட்ட அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கோமு அந்தக் கல்யாண வீட்டு வாசலுக்கே வந்துவிட்டாள், தோளில் ஒரு மஞ்சள் பையோடு. ஐயம்பெருமாள் பையை வாங்கிக்கொண்டு என் பக்கம் வந்தான். வேப்பமரத்து நிழல் அவன் சட்டைமேல் அசைந்துகொண்டிருந்தது. பீரோவில் பூட்டி வைத்திருந்த பணத்தின் துணி மடிப்பைப் பிரித்தான். நாப்தலின் வாசம் வந்தது.

கட்டாகவே கொடுலே, உன்னை நான் எண்ணிப் பார்க்கவா என்றேன்.

"முடிவு தெரிஞ்சிட்டு அண்ணாச்சி. நீங்க எண்ணித்தான குடுத்தீக. எண்ணியே வாங்கிக்கிடுங்க. கையப் பிடிங்க."

கையை நீட்டினேன். நான் போட்டிருந்த நாடாவிலேயே பணம் கட்டியிருந்தது. அவன்தான் அதைப் பிரித்தான். தாளை ஒவ்வொன்றாக, படி வைக்கிற நிதானத்தில் வைத்தான். சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது. தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. எனக்கு எதுவும் கேட்கவில்லை. மூட்டத்துக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் எங்கிருந்தோ கேட்டது. கடைசி ஆறாயிரம் வேறு தாள்கள், நூறும் ஐம்பதுமாக, கசங்கி. காலுக்குப் போடும் பட்டைக்கும் கால் வழுக்கின பிறகு எடுத்த ரெண்டாவது ஸ்கேனுக்கும் கட்டிலிருந்து எடுத்ததைப் பூட்டு மாட்டின கூலியில் நிரப்பியிருக்கிறான். அதையும் நீவி நீவி வைத்தான். கடைசி ஐம்பது ரூபாயை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் கையை மூடாமல் நின்றுகொண்டிருந்தேன்.